விறகும் கொள்ளியும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களில், அடுப்பெரிக்கும் மரத்துண்டுக்குப் பேச்சில் வழங்கிவந்த பெயர் ‘கொள்ளி’ என்பது. ஏட்டுத் தமிழ் அதனை ‘விறகு’ என்னும். மாணவன் கட்டுரையிலே ‘கொள்ளி’ என்று எழுதிவிட்டால், ஆசிரியர் செங்கோடிட்டு ‘விறகு’ எனத் திருத்துவதுண்டு. அச் செங்கோடு நியாயமானதுதானா என்பதை இங்கு ஆராய்வோம்.

‘விறகு’ மிகத் தொன்மையான சொல். அதியமான் இறந்தபோது அவன் ஈமத்தீயைக் கண்டு ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டிலே (231) இச்சொல் வந்துள்ளது. மலையாளத்தார் இன்றும் இதனையே வழங்குகின்றனர். தெலுங்கிலே ‘விருகு’ என்றால் முறிதல். முறித்தெடுத்த மரமே விறகு என்று கருத இவ்வொற்றுமை இடந்தருகின்றது.

இனிக் ‘கொள்ளி’யை நோக்குவோம். தீக்கொள்ளுதல், கொளுத்துதல் என்னும் சொற்களோடு உறவுடையது இது. கன்னடத்திலும் எரியும் கட்டைக்குக் ‘கொள்ளி’ என்றே பெயர். இருதலைக் கொள்ளி எறும்பு, கொள்ளிவாய்ப் பிசாசு என்னும் வழக்குகளில் எரிகின்ற கட்டையையே அது குறிக்கின்றது. நம் கரையோர மக்களோ இன்னும் தீப்பற்றாத கட்டைக்கும் அப்பெயரை விரித்தனர். நாளை ஏற்கப்போகும் தீயை இன்றே பெயரிலே வைத்தனர் எனலாம். இது சொற்சிதைவு அன்று, பொருள் விரிவு. ஆங்கிலத்தில் எரிபொருளைக் குறிக்கும் ‘ஃபியூவல்’ என்பதும் அடுப்பைக் குறித்த ‘ஃபோக்கஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. சிங்களத்தார் கூறும் ‘தர’வோ மரம் எனப் பொருள்படும் ‘தாரு’ என்பதன் வழிவந்தது. ஒரே பொருளுக்கு ஒருவர் மரத்தைக் கொண்டும், மற்றொருவர் அடுப்பைக் கொண்டும், நம்மவர் தீயைக் கொண்டும் பெயரிட்டுள்ளனர்.

விறகு சுமப்பவனின் வரலாறும் இச்சொற்களோடு இணைந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், பாணபத்திரனுக்காக இறைவனே விறகு விற்பவனாக மதுரைத் தெருவில் வருகின்றான். பிறரிடம் இரப்பதினும் முதுகிலே விறகு சுமந்து விற்றுண்பது மேல் என்பது நபிகள் நாயகத்தின் அறிவுரை. திருக்குர்ஆனின் 111ஆம் அத்தியாயத்திலே விறகு சுமப்பவள் என்று ஒருத்தி பழிக்கப்படுகின்றாள். கோள் சுமந்து பகைமூட்டியவள் என்று உரையாசிரியர் சிலர் அதற்கு விளக்கம் தருவர். ‘குடிக்குக் கொள்ளி வைத்தான்’ என்று நாம் கூறுவதும் இக்கருத்தையே ஒத்தது. ஒரே சுமை, சுமப்பவரின் நோக்கத்தால் உயர்வும் பெறுகின்றது, இழிவும் பெறுகின்றது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் மேற்கேயிருந்த காடுகளில் பெரும்பகுதி வயலாயிற்று. பின்னர் எரிவாயு அடுப்பும் வீடுகளில் நுழைந்தது. கொள்ளி போயிற்று, சொல்லும் போகும் என்று எண்ணியிருந்தோம். 2022இல் எரிவாயு கிடையாமல் நாடு தவித்தபோது, நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு மீண்டும் புகைந்தது. மூலையிற் கிடந்த தென்னமட்டையும் சிரட்டையும் பாளையும் திரும்பவும் மதிப்புப் பெற்றன.

அடுப்பு தேவைக்கேற்பத் திரும்பி வரக்கூடும். பேசுவோர் கைவிட்ட சொல் அவ்வளவு எளிதில் திரும்பாது. ஆகவே, ஆசிரியர் மாணவனுக்கு ‘விறகு’ என்பதைக் கற்பிக்கட்டும், அது நூல்வழக்கு. ‘கொள்ளி’ என்பதன்மீது கோடிடாதிருக்கட்டும். அது அவன் தாய் தந்த வழக்கு. இரண்டும் தமிழே.