நொய்யலின் நீரும் நிலைபேற்றின் நீதியும்

‘நிலைபேறு’ என்னும் சொல் இன்று எல்லார் நாவிலும் வழங்குகிறது. ஆயின் அது யாருடைய நிலைபேறு என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. 1974இல் உலகத் திருச்சபைகள் மன்றம் புக்கரெஸ்ட் நகரில் கூட்டிய கலந்தாய்வில் இக்கருத்து எழுந்தது. 1975ஆம் ஆண்டு நைரோபிப் பேரவைக்குப் பின்னர், நீதியும் பங்கேற்பும் நிலைபேறும் ஒருங்கமைந்த சமுதாயம் என்னும் குறிக்கோளாக அது வடிவம் பெற்றது. 1987இல் புருண்ட்லாந்து ஆணையமோ, வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு நேராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றும் வளர்ச்சியையே முன்வைத்தது. முன்னதில் நீதி தலைமை பெறுகிறது, பின்னதில் வளர்ச்சி. இவ்விரண்டையும் நொய்யல் ஆற்றங்கரையில் வைத்து நாம் ஆராய்வோம்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியே சென்று காவிரியில் கலப்பது நொய்யல். விளைநிலங்களுக்குப் பாசனம் அளிக்கும் நோக்குடன் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. அதே காலத்தில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி விரைந்து வளர்ந்தது. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு மிகுதியான உப்பு தேவை. அவ்வுப்பும் சாயமும் ஆற்றில் இறங்கின. பயிருக்கென எழுந்த அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று, கிணறுகளும் உவர்த்தன.

வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தரவேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. அந்நெறியைப் பற்றிக்கொண்டு நொய்யல் பாசன விவசாயிகள் வழக்காடினர். ஒரு துளிக் கழிவும் வெளியேறலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் சாயப்பட்டறை உரிமையாளரின் பொறுப்பை உறுதிப்படுத்தியது. ஆணை நிறைவேறாமையால், 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. உழவனுக்கு நீதி கிடைத்த அந்நாளில், கழிவைத் திறந்துவிடும் முடிவில் பங்கேதும் இல்லாத கூலித் தொழிலாளி வேலையிழந்தான் என்பதையும் நாம் மறத்தலாகாது.

பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்செய்யப்பட்டன. சவ்வுகளின் வழியே நீர் பிரிக்கப்படுகிறது. எஞ்சிய உவர்நீர் கொதிக்கவைக்கப்பட்டு உப்பு மீட்கப்படுகிறது. இது போற்றத்தக்கதே. எனினும் இதற்கு மின்சாரமும் எரிபொருளும் பெருமளவில் வேண்டும். அவை நிலக்கரியிலிருந்தும் விறகிலிருந்தும் வருமளவிற்கு, ஆற்றினின்று அகற்றிய சுமையில் ஒரு பகுதியை நாம் வானத்தின்மேல் ஏற்றுகிறோம். வானம் தடுமாறும்போது முதலில் வாடுபவன் காங்கயத்து மானாவாரி உழவனே. ஆடையை அணிவோரோ தொலைதேசத்தில் உள்ளனர். அவர்கள் தரும் விலையில் ஆற்றின் பங்கும் வானத்தின் பங்கும் சேரவேண்டாவா?

தெளிந்த நீரைத் தாம் குடித்துவிட்டு மீதியைக் காலால் கலக்கிய கொழுத்த ஆடுகளை எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில் தீர்க்கன் கண்டிக்கிறான். அங்கே குற்றம் குடித்தது அன்று. பின்வரும் ஆட்டைக் கருதாமையே. உழவன், தொழிலாளி, இன்னும் பிறவாத தலைமுறை ஆகிய மூவரில் ஒருவரை விலக்கிய நிலைபேறு, நிலைபேறு ஆகாது. திருப்பூர்ச் சபைகளில் உரிமையாளரும் தொழிலாளரும் ஒரே பந்தியில் அமரும் இடங்களில் இவ்வுரையாடலைத் தொடங்குவது ஆயர்களாகிய நம் கடமை.