வீட்டில் தைத்த பிள்ளைத் துணி

போன மாதம் என் மகளுக்கு இரண்டாவதாகப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த மறுநாளே பார்சல் பார்சலாகக் குழந்தைத் துணி வந்து இறங்கியது. எல்லாம் செல்போனில் பார்த்து வாங்கியவை. அன்று சாயங்காலம் என் தங்கை வந்தாள். மஞ்சள் பையிலிருந்து ஆறு ஜப்லாக்களை எடுத்து வைத்தாள். வெள்ளை மல் துணி. பொத்தான் கிடையாது, நாடா வைத்து முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுவது. கழுத்தோரத்தில் மட்டும் ஊதா நூலில் சின்னதாகப் பூத்தையல்.

"தையல் மடிப்பை வெளிப்பக்கம் வச்சிருக்கேண்ணே, பிள்ளைக்கு உறுத்தாது" என்றாள்.

வாங்கிய துணிகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் அப்படி இல்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தச் சூட்சுமமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்தான் இந்தப் பதிவு.

பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போடக்கூடாது என்பது நம் பக்கத்துப் பழக்கம். தாத்தாவின் பழைய வேட்டியையோ, பாட்டியின் நைந்த நூல் சேலையையோ கிழித்துத்தான் முதலில் சுற்றுவார்கள். தொட்டிலும் பழைய சேலைதான். பலமுறை துவைத்த பருத்தி, கஞ்சிப் பசை எல்லாம் போய்ப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதற்குப் பின் நடக்கிற வயசு வரை அரைஞாண் கயிறுதான் உடுப்பு. நம் வெயிலுக்கு அதுவே போதும். பிள்ளைகளுக்கென்று வெட்டித் தைத்த சட்டையும் கவுனும் நம் கிராமங்களில் பெருகியது தையல் மிஷின் வந்த பிறகுதான்.

நூலுக்கு மட்டும் இங்கே பஞ்சம் இருந்ததில்லை. 2022-இல் தொல்லியல் துறை நம் ஊரை ஒட்டிய விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் தோண்டத் தொடங்கியபோது சங்கு வளையல், பாசிமணிகளோடு சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. நூல் நூற்கிற தக்களி. வைப்பாற்றங்கரையில் எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே யாரோ ஒரு பெண் உட்கார்ந்து பஞ்சைத் திரித்திருக்கிறாள். கரிசலில் விளையும் கருங்கண்ணிப் பருத்தி வெள்ளைக்காரன் காலத்தில் 'டின்னவெல்லி' என்ற பேரில் வெளிச்சந்தைக்குப் போனது. பருத்தி நம் காட்டில், மிஷின் அமெரிக்காவிலிருந்து. இரண்டும் சந்தித்த இடம் நம் வீட்டுத் திண்ணை.

அந்த மிஷினுக்கு ஒரு கதை உண்டு. 1924-இல் டெல்லியில் காந்தியடிகளை ராமச்சந்திரன் என்ற இளைஞர் சந்தித்து, எல்லா இயந்திரங்களையுமே நீங்கள் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் காந்தி. விலக்காக அவர் எடுத்துச் சொன்னது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப்போவதைப் பொறுக்கமாட்டாமல், அவள்மேல் உள்ள அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன விளக்கம். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்திரத்தோடு 1947-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐசக் சிங்கருடைய நிஜ வாழ்க்கை வேறு. பல பெண்களோடு குடும்பம் நடத்தி, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர் அவர். 1851-இல் அவர் காப்புரிமை வாங்கியது நல்ல வியாபாரம் என்று தெரிந்துதான். அவருக்கு முன்பே 1846-இல் காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹோவ் என்பவர்தான் வறுமையில் இருந்தவர். அவர் மனைவி கூலிக்குத் துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினாள் என்று சொல்வார்கள். காந்தி சொன்ன கதை ஹோவுக்குத்தான் பொருந்தும் போலிருக்கிறது. அதிலும் கவனியுங்கள்: அந்த அம்மாள் தைத்தது அன்புக்காக மட்டும் அல்ல, அரிசிக்காகவும்தான்.

இந்த விஷயத்தில் நம் தென்சீமையே முன்னோடி. நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, ஏழைப் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அடிமைகளாக இருந்த சில பெண்கள் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். மார்த்தாவின் மகள் எலைசாதான் கால்டுவெல் ஐயரை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்து, அங்கேயும் லேஸ் பள்ளி நடத்தினார். தையலும் பின்னலும் மிஷன் பள்ளிகள் வழியாக ஊர் ஊராகப் பரவின. வெயில் கொளுத்தும் நம் பக்கத்தில் கைக்குழந்தைக்குக் கம்பளி நூலில் குல்லாவும் காலுறையும் பின்னும் வழக்கம் வந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். மார்கழிப் பனிக்கு ஒரு மாதம் உதவும், மற்ற பதினோரு மாதமும் டிரங்குப் பெட்டியில் கிடக்கும்.

1930-களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி உஷா மிஷினைச் செய்யத் தொடங்கிய பிறகு, உள்நாட்டு மிஷின் மெல்ல மெல்ல நடுத்தர வீடுகளுக்குள் வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1943-இல் துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த நாட்களில் பெரியவர் சட்டையைப் பிரித்துச் சின்னவனுக்குத் தைப்பது வீட்டுக்கு வீடு நடந்ததாக அம்மா சொல்வார். அதே சமயத்தில் இங்கிலாந்திலும் துணி ரேஷன்தான். பழைய துணியைப் பிள்ளைகளுக்கு மாற்றித் தையுங்கள் என்று அந்த அரசாங்கமே பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆண்ட நாட்டுப் பெண்களுக்கும் ஆளப்பட்ட நாட்டுப் பெண்களுக்கும் ஒரே வேலை.

இனி எங்கள் வீட்டுக் கதை.

1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பியது உங்களுக்குத் தெரிந்த வரலாறு. மழை பொய்க்கும் கரிசல் காட்டுக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. கூடவே பெண்களின் கைகளையும் பிள்ளைகளின் கைகளையும் எடுத்துக்கொண்டது. பெட்டி ஒட்டுவது, கட்டை அடுக்குவது எல்லாமே குரோஸ் கணக்குக் கூலி. விடியுமுன் ஊருக்குள் வரும் ஆலை பஸ்ஸில் தூக்கம் கலையாத பிள்ளைகள் ஏறிப் போவதை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

1974-இல் இரண்டு வெள்ளாமை தொடர்ந்து போய்விட்டது. தங்கைக்குப் பன்னிரண்டு வயது. அவளையும் பஸ்ஸில் அனுப்பலாம் என்று அப்பா பேச்செடுத்தார். அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் கம்மலைக் கழற்றிச் சிவகாசியில் அடகு வைத்து, பழைய கால்மிஷின் ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது.

அம்மாவுக்கு ஏற்கெனவே கைத்தையல் தெரியும். மிஷினை ஓட்டப் பக்கத்துத் தெரு டீச்சர் ஒருவர் பத்து நாள் சொல்லிக்கொடுத்தார். பழைய தினசரிப் பேப்பரை வெட்டி அளவு வைத்துக்கொள்வார். கவுன், பாவாடை சட்டை, பையன்களுக்கு டவுசர், எல்லாம் சீட்டித் துணியிலும் பாப்ளினிலும். பிள்ளைக்கு இருக்கும் அளவுக்குத் தைக்கவே மாட்டார். பாவாடையின் கீழே இரண்டு அங்குலம் உள்ளே மடித்து ஓரம் அடிப்பார். அடுத்த வருஷம் பிள்ளை வளர்ந்ததும் அந்த மடிப்பைப் பிரித்து விட்டால் நீளம் சரியாகிவிடும். மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் வெளுக்காத புது நிறம் கோடாகத் தெரியும். அந்தக் கோடுகளை எண்ணினால் பாவாடையின் வயசைச் சொல்லிவிடலாம். தீபாவளிக்கு ஒரே துணியில் எடுத்து வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தைத்துப் போட்டால், பேண்டு வாத்தியக் கோஷ்டி போல நிற்போம். வெட்டி மிஞ்சிய துண்டு தலையணை உறையாகும், அதிலும் மிஞ்சியது கரித்துணி.

நாளடைவில் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் அம்மாவும் தங்கையும் தைத்தார்கள். பகலில் தங்கை காஜா எடுப்பாள், பொத்தான் கட்டுவாள், எம்மிங் போடுவாள். ராத்திரி அம்மா மிஷினில் உட்காருவார். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கினேன். சிவகாசிக் கல்லூரியில் நான் கட்டிய பீஸ் அந்தச் சத்தத்திலிருந்து வந்தது. தங்கை எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். பஸ்ஸில் ஏறாமல் அவளை அந்த மிஷின் தடுத்தது உண்மை. பள்ளிக்கூடத்திலிருந்து அவளை நிறுத்தியதும் அதே மிஷின்தான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

1977-இல் எனக்கு வேலை கிடைத்தது. முதல் தீபாவளிக்கு மதுரையில் ஒரு கடையில் கடைசித் தங்கைக்கு ரெடிமேட் கவுன் வாங்கினேன். ரோஸ் கலர் நைலான், பஃப் கை, மூன்று அடுக்குப் பிரில். அவளுக்கு ஏழு வயது. வீட்டில் தைத்த சீட்டிக் கவுனைப் பார்த்தால் எனக்கு அப்போது கூச்சம். அம்மா கவுனை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "எய்யா, வெடி போடுற நாளைக்கு இந்த மழுமழுத் துணி வேண்டாம்யா. கோயிலுக்குப் போறப்ப போட்டுக்கிடட்டும்" என்றார். நான் கேட்கவில்லை.

சங்குசக்கரத்திலிருந்து ஒரு பொறி. அவ்வளவுதான். பருத்தியாக இருந்தால் ஒரு ஓட்டை விழுந்து, தட்டினால் அணைந்திருக்கும். நைலான் உருகிச் சொட்டி முழங்காலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தபோது தோலும் வந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் அவள் காலில் இருக்கிறது. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரமே பழைய பாவாடையின் மடிப்பைப் பிரித்து, புண்ணில் உரசாதபடி தளர்வாகத் தைத்துப் போட்டார்.

பட்டாசு ஆலைகளில் பருத்தி ஆடை உடுத்தித்தான் வேலை செய்ய வேண்டும் என்ற விதி நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நைலான், பாலியெஸ்டர் போன்ற இழைகள் உரசும்போது மின்னூட்டம் சேரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள. தீ பட்டால் எரிவதோடு நிற்காமல் உருகி உடம்பில் ஒட்டும். அம்மா இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் மருந்துக்குப் பக்கத்தில் வாழும் ஊர்ப் பெண்ணின் விரலுக்கு அது தெரிந்திருந்தது.

பிறகு காலம் மாறியது. தூத்துக்குடிப் பக்கம் புதியம்புத்தூரில் வீட்டுக்கு வீடு மிஷின் போட்டுப் பிள்ளைகளுக்கான உடுப்புகளைத் தைத்து வெளியூர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நம் ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரம் நைட்டிக்குப் பேர் வாங்கியது. அரசாங்கம் சத்துணவுப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்தபோது, அதைத் தைக்கும் வேலை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வந்தது. வெட்டிய துணியை வாங்கிப் போய் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கலாம். எட்டாம் வகுப்பில் நின்ற என் தங்கை அப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்து, எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்குச் சீருடை தைத்தாள். முதல் கூலி வாங்கிய அன்று, "தச்சதுக்குக் காசுன்னு கையெழுத்துப் போட்டு வாங்குறது இன்னைக்குத்தாண்ணே" என்றாள். ஊரில் எங்களுக்கு வந்த கூலியெல்லாம் அதுவரை அம்மா கையில் வாங்கி, அப்படியே என் பீஸுக்கும் ரேஷனுக்கும் போனது.

வீட்டில் தைத்த துணி என்றால் நாம் எல்லோரும் பாசம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். காந்தியே அப்படித்தான் சொன்னார். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மடிப்புக்குள் ராத்திரி முழிப்பு இருந்தது, கண் பார்வை இருந்தது, ஒரு பெண்ணின் படிப்பு இருந்தது. அதற்கு நாம் கணக்கு எழுதவே இல்லை.

தங்கைக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஊசியில் நூல் கோக்க யாரையாவது கூப்பிடுகிறாள். அன்று என் மகள் ஆறு ஜப்லாக்களில் ஒன்றை எடுத்துக் குழந்தைக்குப் போட்டுவிட்டு, "நல்லா இருக்கு அத்தை, இன்னும் பெரிய அளவுல தச்சுத் தாங்க" என்றாள். தங்கை இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "வர்ற தீபாவளிக்கு இவளுக்கு நான் தைக்கிறேண்ணே, நீ ஒண்ணும் வாங்கிட்டு வந்துராத" என்றாள்.

நான் வாயே திறக்கவில்லை.