தொண்டா, கூலியா?

1965 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன், வறுமைக்கு எதிரான தமது போரின் அங்கமாக 'வளர்ப்புப் பாட்டன் பாட்டியர்' திட்டத்தை அறிவித்தார். 60 வயது கடந்த ஏழை முதியோர், வாரத்தில் 20 மணிநேரம், மருத்துவமனைகளிலும் குழந்தைகள் இல்லங்களிலும் தனித்துக் கிடந்த சிறுவரை மடியிலிருத்தி உணவூட்டினர், கதை கூறினர், நடை பழக்கினர். பின்னர் அப்பணி பாடசாலைகளுக்கும் பரவிற்று.

அக்குழந்தைகள் பெற்ற அன்பை நாம் ஐயுறவில்லை. ஆயின், அதனை வழங்கியோர் யாவர்? 1959இல் அந்நாட்டு முதியோருள் நூற்றுக்கு 35 பேர் வறுமையில் உழன்றனர். அவ்வறியோரையே இத்திட்டம் நாடிற்று. 1973ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தொண்டர் என்றது. அவர்கள் பெறும் தொகையைக் கூலியெனக் கொள்ள மறுத்தது. பிற உதவிப்பணம் வெட்டுண்ணாதிருக்க இது துணைசெய்தது என்பதும் மெய்யே. எனினும் 2022இல் அத்தொகை, நாட்டின் குறைந்தபட்ச மணிக்கூலியான 7.25 டாலரின் பாதியைத்தானும் எட்டவில்லை.