வெற்றிலை வட்டாவும் வாய் இறுக்க நோயும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, வீடு தேடி வந்தவருக்கு முன்னால் வெற்றிலை வட்டா வைக்கப்படுவது நெடுநாளைய வழக்கம். தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்ற வேறுபாடு இதில் இல்லை. பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று இவ்விரு சமூகங்களையும் குறிப்பிடும் உவமை வெற்றிலைக்கும் பொருந்தும். வெற்றிலையோடு சேரும் பாக்கினால் விளையும் நோய்க்கும் பொருந்தும்.

'சப்மியூக்கஸ் பைப்ரோசிஸ்' என மருத்துவர்கள் அழைக்கும் அந்நோயில், காரமான கறி பட்டதும் வாய் எரிவதே முதல் அறிகுறி. பின்னர் கன்னத்தின் உட்புறம் வெளிறித் தடித்து, வாய் திறக்கும் அளவு குறுகிக்கொண்டே போகிறது. கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதனைக் கண்டு 1952இல் சுவார்ட்ஸ் என்பவர் பதிவு செய்தார். பாக்கிலுள்ள அரிக்கொலின் நார்ப்புரதமான கொலாஜனின் உற்பத்தியைத் தூண்டுகிறது. பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் அந்தக் கொலாஜன் சிதையாதபடி காக்கின்றன. உற்பத்தி பெருகி, அழிவு குறைந்தால் நார் குவியாமல் என்ன செய்யும்?

குவிவது எந்த நார் என்பதைச் சாதாரண நுண்காட்டிப் பரிசோதனையால் தெளிவாகப் பிரித்தறிதல் கடினம். கலங்களுக்கு வெளியே அவற்றைத் தாங்கி நிற்கும் வலையில் கொலாஜன், பைப்ரோனெக்டின், டெனாசின், எலாஸ்டின் எனப் பல புரதங்கள் பின்னிக் கிடக்கின்றன. இங்கேதான் பிறபொருளெதிரி உதவுகிறது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டறிந்த முறையில், எலியின் மண்ணீரலிலிருந்து பெற்ற கலம் ஓயாது பெருகும் புற்றுக்கலத்தோடு இணைக்கப்படுகிறது. அவ்வாறு பிறந்த ஒரே கலத்தின் வழித்தோன்றல்கள் யாவும் ஒரே வகைப் பிறபொருளெதிரியையே சுரக்கின்றன. இதுவே மொனோகுளோனல் பிறபொருளெதிரி. இக்கண்டுபிடிப்புக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. வாயிலிருந்து எடுத்த சிறு இழையத்தை மிக மெல்லியதாகச் சீவி, அதன்மேல் இதனை இட்டால், தனக்குரிய புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். நொதியம் இணைத்த இன்னொரு பிறபொருளெதிரியும் நிறமூட்டியும் சேர்ந்ததும் அவ்விடம் கபில நிறமாகிறது. நிறம் தெரியும் இடமே புரதம் இருக்கும் இடம்.

பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தின் டபிள்யூ. எம். திலகரத்ன, ஜப்பானின் நீகாட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்து இவ்வாறு பிறபொருளெதிரிகளைக் கொண்டு மேற்கொண்ட ஆய்வு 2005இல் வெளிவந்தது. நோயின் தொடக்கத்தில் டெனாசின், பைப்ரோனெக்டின், மூன்றாம் வகைக் கொலாஜன் ஆகியன மிகுந்திருந்தன. ஆறிவரும் புண்ணிலும் இத்தகைய கலவையே காணப்படும். நடுக்கட்டத்தில் இவை எலாஸ்டினோடு சேர்ந்து தசைநார்களைச் சூழ்ந்து படிந்திருந்தன. முற்றிய நிலையிலோ ஏனையவை மறைந்து, முதலாம் வகைக் கொலாஜன் மட்டுமே எஞ்சியிருந்தது. நெகிழும் எலாஸ்டின் போய், தசை இருந்த இடத்தையும் இறுகிய நார் பிடித்துக்கொண்டால் வாய் எப்படித் திறக்கும்?

எரிவு மட்டும் இருக்கும் காலத்துக்கும் வாய் பூட்டிக்கொள்ளும் காலத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இந்த ஆய்வு காட்டுகிறது. நம்மவர் பெரும்பாலும் வைத்தியரை நாடுவது பின்னதில்தான். அப்போது பாக்கை விட்டாலும் இறுகிய நார் தானாகக் கரைவதில்லை. இதற்கு மேலாகப் புற்றுநோய் அபாயமும் உண்டு. கேரளத்தின் எர்ணாகுளத்தில் 66 நோயாளரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் ஐவருக்கு, அதாவது 7.6 சதவீதத்தினருக்கு, வாய்ப்புற்று உண்டானது 1985இல் அறிவிக்கப்பட்டது. புகையிலை சேர்க்காவிட்டால் தீங்கில்லை என்று எண்ணுவோர் இன்றும் உளர். பாக்கு தனித்தே புற்றுநோயை விளைவிக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு அறிக்கையில் தெளிவாகக் கூறிவிட்டது. வண்ணப் பொதிகளில் வரும் இனிப்புப் பாக்கும் இதற்கு விலக்கல்ல. அதைச் சிறுவர் கையில் கொடுப்பதை என்னவென்று சொல்வது!

இந்தப் பிறபொருளெதிரிப் பரிசோதனை ஒவ்வொரு நோயாளிக்கும் தேவைப்படுவதன்று, அது ஆய்வுகூடத்துக்குரியது. ஊர்ச் சிகிச்சை நிலையத்துக்கு வெளிச்சமும் அளவுகோலும் போதும். அளவுகோலும் இல்லையேல், நோயாளி தன் மூன்று விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பார்க்கலாம். அவை நுழையாவிட்டாலும், நுழைந்தும் காரம் பட்டால் எரிவிருந்தாலும், அன்றே பாக்கை நிறுத்திவிட்டுப் பல் வைத்தியரிடம் வாயைக் காட்ட வேண்டும்.