சிக்ரிக்கு வழி கேட்டவர்

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். நம் செட்டிநாட்டுப் பக்கம் ஆங்கிலம் வந்த கதையையும், அது என் நாக்குக்கு வந்து சேர்ந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டாவது கதையில் நான் பட்ட வெட்கமும் உண்டு.

1971-ஆம் வருஷம். பி.யு.சி.யில் சேர்ந்த புதிது. கானாடுகாத்தானிலிருந்து பஸ்ஸில் வந்து காரைக்குடியில் இறங்கினேன். கையில் பெட்டியுடன் நின்ற வடநாட்டுக்காரர் ஒருவர், சிக்ரிக்கு எப்படிப் போவது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு வழி தெரியும். ஆறேழு வருஷம் ஆங்கிலமும் படித்தவன். ஆனால் எந்தக் காலத்தில் வினைச்சொல்லைப் போடுவது, 'தி' வருமா வராதா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். அதற்குள் பக்கத்துச் சோடாக்கடைக்காரர், "ஸ்ட்ரெய்ட் கோ சார், லெஃப்ட் டர்ன்" என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார். அவர் பள்ளிக்கூடத்தையே அதிகம் பார்த்தவரில்லை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் ஆங்கிலக் கல்விக்கு நம் பக்கம் ஒன்றும் சளைத்ததல்ல. எங்கள் கானாடுகாத்தானில் 1881-ல் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அங்கே 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தவர் ரைட் ஆனரபிள் ஸ்ரீனிவாச சாஸ்திரியார். வலங்கைமானில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து, தம் ஆங்கிலப் பேச்சால் வெள்ளைக்காரரையே வியக்க வைத்தவர். அதே ராஜாதான் பின்னாளில் தமிழிசை இயக்கத்துக்கும் தூணாக நின்றார். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று அவர் நினைக்கவில்லை.

கோட்டையூர் வள்ளல் அழகப்பர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவர், லண்டனில் சட்டம் பயின்றவர். 1947-ல் அவர் தொடங்கியதுதான் நம் கல்லூரி. சிக்ரிக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பல மாநில விஞ்ஞானிகள் வந்து குடியேற, ஆங்கிலம் காரைக்குடிக் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. சோடாக்கடைக்காரர் அங்கேதான் கற்றார்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போய் ஐயாவிடம் புலம்பினேன். பதினான்கு வயசில் பர்மாவுக்குக் கப்பலேறி, ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக இருந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்ந்தவர் அவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு ஊர் திரும்பினார்.

"ஐயா, நீங்க பர்மாப் பாஷையை எந்தப் புஸ்தகத்துல படிச்சீங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார். "புஸ்தகமா? நெல்லு விளைக்கிறவன் கடன் கேட்டு வருவான். அவன் சொல்றது புரியலேன்னா முதலாளி பணம் போயிடும். தப்புத் தப்பாப் பேசுவேன், அவங்க சிரிப்பாங்க, திருத்துவாங்க. மொதக் கணக்கு மூணு வருஷம் முடியிறதுக்குள்ள வாய்க்கு வந்திருச்சு. நீ தப்பு வரக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கே. மூடின வாயில பாஷை எப்படித் தம்பி நுழையும்?"

பிற்காலத்தில் ஒரு செய்தி படித்தேன். 1950-களில் சென்னை ராஜ்யத்தில் ஆங்கில வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பழக்கும் பாடத்திட்டம் வந்தது. அதற்காகச் சுமார் 27,000 ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பெருமுயற்சியும் நடந்தது. ஆனால், வாக்கியத்தைப் பழகினால் மட்டும் பேச்சு வருமா என்ற கேள்வி எழுந்தது. என்.எஸ்.பிரபு என்ற அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்ப் பள்ளிகள் சிலவற்றில் வேறுவிதமாகச் செய்து பார்த்தார். இலக்கணத்தை முன்னால் வைக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி தேடுவது போன்ற வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கவனம் பொருளில் இருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் கருத்து. படித்ததும் எனக்கு ஐயா ஞாபகம்தான் வந்தது.

ஐயா சொன்னதைக் கேட்டுத் திரும்பியதும், நானும் நண்பர்கள் மூவரும் ஒரு சட்டம் போட்டோம். சாயங்காலம் ஆறு மணி முதல் சாப்பாட்டு மணி வரை ஆங்கிலம்தான்; பாதி வாக்கியத்தில் ஓடக்கூடாது. இரவல் டிரான்சிஸ்டரில் ஆங்கிலச் செய்தி கேட்டு, கூடவே உரக்கச் சொல்லிப் பார்ப்போம். முதல் மாதம் சிரிப்புத்தான் அதிகம். மூன்றாம் மாதம் சண்டையே ஆங்கிலத்தில் போட்டோம்! பட்டம் வாங்கியபின் சென்னையில் நேர்முகத் தேர்வு. "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். இரண்டு இடத்தில் தப்பு வந்தது. நிற்காமல் சொல்லி முடித்தேன். வேலை கிடைத்தது.

இன்று கானாடுகாத்தானின் பெரிய வீடுகளில் சில, சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. அங்கே சமைக்கும் பெண்கள் வெள்ளைக்காரருக்குக் குழம்பின் பக்குவத்தை ஆங்கிலத்தில் விளக்குகிறார்கள். கேட்கக் காதுக்கு இதமாக இருக்கிறது.

நம் கல்லூரித் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இலக்கணத்தை விட்டுவிடாதீர்கள், அதற்காக வாயையும் மூடிவிடாதீர்கள். யாராவது வழி கேட்டால், தப்போ சரியோ, வழியைச் சொல்லுங்கள். அவர் போய்ச் சேர வேண்டுமல்லவா?