கருப்பையக வளையம்: யாருக்குப் பொருந்தாது என்று அறிந்த வரலாறு

கருப்பையினுள் பொருத்தப்படும் கருத்தடைச் சாதனம், பேச்சு வழக்கில் லூப் என்றும் காப்பர்-டி என்றும் அழைக்கப்படுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது பாதுகாப்பானது. சிலருக்குப் பொருத்தக் கூடாது. அந்தச் சிலர் யார் என்பதை மருத்துவ உலகம் அனுபவத்தில்தான் கற்றது. அதற்குப் பெண்கள் கொடுத்த விலை அதிகம்.

தொடக்கம்

1920களில் ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் வெள்ளிக் கம்பியால் வளையம் செய்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. தொற்றுக்கு அஞ்சி மருத்துவர்கள் பலர் அதனை ஏற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஜாக் லிப்பிஸ் நெகிழியாலான லூப்பை உருவாக்கினார்.

இந்தியாவில் லூப்

1965இல் இந்தியக் குடும்பநலத் திட்டத்தில் லூப் சேர்க்கப்பட்டது. 1966-67இல் சுமார் 9 லட்சம் பெண்களுக்குப் பொருத்தப்பட்டது. அடுத்த ஆண்டே எண்ணிக்கை சரிந்தது. இலக்கை எட்டும் அவசரத்தில் பலருக்கு முன்பரிசோதனையும் பின்கவனிப்பும் போதிய அளவில் கிடைக்கவில்லை. லூப் மாதவிடாய்ப் போக்கைக் கூட்டக்கூடியது. ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவரை அது மேலும் தளர்த்தும். இதனை முன்கூட்டியே சொல்லாததால் அச்சமும் வதந்தியும் பரவின.

டால்கன் ஷீல்டு

1971இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இச்சாதனத்தின் வால்நூல், பல இழைகளை உறைக்குள் அடக்கியது. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல் அது கிருமிகளைக் கருப்பைக்குள் ஏற்றியது எனக் கருதப்பட்டது. சாதனம் உள்ளிருக்கும்போதே கருவுற்ற சிலர் கடுந்தொற்றால் இறந்தனர். 1974இல் அங்கு விற்பனை நின்றது.

இன்றைய நெறி

உலக சுகாதார நிறுவனம் 1996இல் தகுதி விதிகளை வெளியிட்டது. அதன் நெறிப்படி, பின்வரும் நிலைகளில் புதிதாகப் பொருத்தக் கூடாது:

• கர்ப்பம்
• பிரசவம் அல்லது கருச்சிதைவுக்குப் பின் ஏற்பட்ட கருப்பைத் தொற்று
• தற்போதுள்ள இடுப்பறை அழற்சி, மேகவெட்டை போன்ற பால்வினைத் தொற்று
• காரணம் கண்டறியப்படாத இரத்தப்போக்கு
• சிகிச்சை தொடங்காத கருப்பைவாய்ப் புற்றுநோய்
• இடுப்பறைக் காசநோய்
• கட்டியால் அல்லது பிறவியிலேயே உருக்குலைந்த கருப்பைக் குழி

இவற்றுள் சில தற்காலிகத் தடைகளே. தொற்று குணமான பின் பொருத்தலாம். குழந்தை பெறாதவருக்குக் கூடாது என்ற பழைய கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. பொருத்துமுன் விசாரிப்பதும் பரிசோதிப்பதும் வெறும் சடங்கல்ல. 1960களில் தவறவிட்ட பாடம் அதுவே.