ஆல்பரியில் இறங்கத் தேவையில்லாத ரயில்

மெல்பேர்னில் இரவு ஏறிப் படுத்தால் விடியும்போது சிட்னியை நெருங்கிவிடலாம். இன்று இதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் 1962 ஏப்ரல் வரை இந்தத் தடத்தில் பயணிகளுக்கு அப்படி ஒரு வண்டியே கிடையாது. இத்தனைக்கும் விக்டோரியாவின் தண்டவாளமும் நியூ சவுத் வேல்ஸின் தண்டவாளமும் 1883லேயே சந்தித்துவிட்டன. அதற்குப் பிறகும் 79 ஆண்டுகள், இரு தலைநகரங்களுக்கும் இடையே பயணம் செய்தவர்கள் எல்லோரும் எல்லையோர ஊரான ஆல்பரியில் இறங்கி, மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு, காத்து நின்ற இன்னொரு வண்டிக்கு மாறினார்கள்.

காரணம் 165 மில்லிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. சிட்னியிலிருந்து வந்த பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,435 மி.மீ. மெல்பேர்னிலிருந்து வந்த பாதையில் 1,600 மி.மீ. ஒன்றில் ஓடும் சக்கரம் மற்றதில் நிற்காது.

இவ்வளவு பெரிய பிசகு எப்படி நேர்ந்தது? வரப்போகும் சிக்கலை ஆரம்பத்திலேயே யோசித்தவர்கள் இருந்தார்கள். 1840களிலேயே லண்டனில் இருந்த குடியேற்ற அமைச்சகம், ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் எல்லாம் ஒரே அளவில், 1,435 மி.மீ.யில், பாதை போடட்டும் என்று அறிவுறுத்தியிருந்தது. ஆனால் சிட்னி ரயில்வே கம்பெனியின் பொறியாளர் ஃபிரான்சிஸ் ஷீல்ட்ஸ் அயர்லாந்துக்காரர். அயர்லாந்தில் வழக்கிலிருந்த 1,600 மி.மீ. அளவே மேல் என்று அவர் வாதாட, நியூ சவுத் வேல்ஸ் 1852இல் அதையே சட்டமாக்கியது. விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் அதற்கு ஒத்துக்கொண்டன. அதற்குள் ஷீல்ட்ஸ் சம்பளத் தகராறில் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த ஜேம்ஸ் வாலஸ் ஸ்காட்லாந்துக்காரர். அவருக்கு 1,435தான் சரி. 1853இல் நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தை மாற்றிக்கொண்டது. விக்டோரியாவின் கம்பெனிகளோ பழைய அளவுக்கே எஞ்சின்களுக்கும் பெட்டிகளுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தன. அவற்றைத் திருப்ப மனமில்லை.

1854 செப்டம்பரில் மெல்பேர்னின் முதல் ரயில் ஃபிளிண்டர்ஸ் தெருவிலிருந்து சாண்ட்ரிஜ் துறைமுகத்துக்கு ஓடியது. மறு ஆண்டு செப்டம்பரில் சிட்னியிலிருந்து பரமட்டாவுக்கு முதல் ரயில் ஓடியது. இரண்டும் சில மைல் தூரப் பாதைகள். இவை என்றாவது ஒரு நாள் சந்திக்கும் என்ற கவலை அன்றைய முடிவுகளில் யாரையும் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு சில எஞ்சின்களின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய நஷ்டம், பிறகு இரண்டு தலைமுறைகளின் தலையில் விழுந்தது.

இதில் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. விக்டோரியா கடன் வாங்கிய அதே 1,600 மி.மீ. அளவை அயர்லாந்து 1846லேயே நாடு முழுமைக்கும் சட்டமாக்கிவிட்டது. பின்னாளில் அந்தத் தீவு இரண்டு அரசுகளாகப் பிரிந்தது. எல்லைக்கோடு விழுந்தது, சுங்கச் சாவடி வந்தது. இருந்தும் 1947இல் டப்ளினுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் இடையே 'என்டர்பிரைஸ்' ரயில் கிளம்பியபோது தண்டவாளத்தில் ஒரு அங்குலம்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அங்கே பிரிந்த தலைநகரங்களைப் பாதை சேர்த்து வைத்திருந்தது. இங்கே 1901இல் ஒரே நாடாகிவிட்ட தலைநகரங்களைப் பாதை பிரித்து வைத்திருந்தது.

விக்டோரியாவின் பாதை மறே ஆற்றின் தென்கரையில் உள்ள வொடொங்காவை 1873இல் தொட்டது. சிட்னியின் பாதை வடகரையில் உள்ள ஆல்பரிக்கு 1881இல் வந்து சேர்ந்தது. ஆற்றின் மேல் பாலம் கட்டி இரண்டையும் சேர்த்தது 1883 ஜூனில். பெரிய விருந்து நடந்தது, தலைவர்கள் பேசினார்கள். ஆனால் சேர்ந்தவை ஒட்டாத இரண்டு பாதைகள். குடியேற்றங்கள் தனித்தனியாக இருந்தவரை எல்லையில் சுங்கச் சோதனை வேறு. மெல்பேர்னில் வாங்கிய சாமானை ஆல்பரியில் அதிகாரியிடம் திறந்து காட்ட வேண்டும்.

ஆல்பரி ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் அதன் நடைமேடையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். கூரை வேய்ந்த அந்த நடைமேடை சுமார் 450 மீட்டர் நீளம். ஒரு சிறிய ஊருக்கு இத்தனை நீள நடைமேடை எதற்கு? இரண்டு ரயில்களின் ஜனங்கள் ஒரே நேரத்தில் இறங்கி, ஏறி, கூலிகள் தபால் மூட்டைகளையும் பெட்டிகளையும் இழுத்துப் போவதற்கு. வடக்கே போகிறவர்களுக்கு இந்த மாற்றம் இரவில் வரும். தெற்கே வருகிறவர்களுக்கு விடிகாலையில், நல்ல தூக்கத்தில் வரும். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குளிரில் நடக்க வேண்டும். 1895இல் இந்த வழியாக வந்த மார்க் ட்வெய்ன், ஆல்பரியில் எழுப்பி இறக்கிவிட்டதைத் தன் பயணநூலில் எழுதி, இப்படி ஒரு ஏற்பாட்டை நினைத்துப் பார்த்த மூளையைக் கடுமையாகக் கேலி செய்தார்.

தமிழர்களுக்கு இந்த அவதி புதிதல்ல. 1914இல் தொடங்கிய இந்தோ–சிலோன் போட் மெயிலில் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் தனுஷ்கோடி வரை மீட்டர் கேஜில் வந்து, கப்பலேறி, தலைமன்னாரில் பிராட் கேஜ் வண்டிக்கு மாறினார்கள். அங்கே குறுக்கே கடல் இருந்தது. ஆல்பரியில் குறுக்கே நின்றது இரண்டு அரசாங்கங்களின் பிடிவாதம் மட்டும்.

குறையை மறைக்கச் சொகுசைக் கூட்டிப் பார்த்தார்கள். விக்டோரியா ரயில்வேயின் தலைவர் ஹரால்ட் கிளாப், 1937 நவம்பரில் 'ஸ்பிரிட் ஆஃப் புரோகிரஸ்' ரயிலைத் தொடங்கினார். முழுக்க எஃகால் ஆன பெட்டிகள், ஏ.சி. வசதி, நீலமும் பொன்னிறமும் பூசிய உடல். மெல்பேர்னிலிருந்து ஆல்பரி வரை 300 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் நிற்காமல், சுமார் நான்கு மணி நேரத்தில் ஓடியது. நாடே பெருமைப்பட்ட ரயில். ஆனால் அந்தப் பெருமையும் ஆல்பரியோடு முடிந்தது. அங்கிருந்து சிட்னிக்கு வேறு வண்டி.

இரண்டாம் உலகப் போர் வந்தபோதுதான் இது பயணிகளின் தூக்கம் கெடும் விஷயம் மட்டுமல்ல என்று எல்லோருக்கும் உறைத்தது. வடக்கே ஜப்பானியப் படை நெருங்கிக்கொண்டிருந்தது. தெற்கே உற்பத்தியான ராணுவச் சரக்கை எல்லையில் ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொரு வேகனில் ஏற்ற வேண்டியிருந்தது. போர்முனைக்குப் போக வேண்டிய சிப்பாய்கள் சுமைக் கூலிகளாக நின்றார்கள். 1945இல் அதே ஹரால்ட் கிளாப், நாடு முழுவதும் கேஜை ஒன்றாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு அறிக்கை கொடுத்தார். செலவை நினைத்து மாநிலங்கள் தயங்கின. ஆண்டுகள் ஓடின.

முடிச்சை அவிழ்த்தது 1956. ஆளுங்கட்சி எம்.பி.யான வில்லியம் வென்ட்வொர்த் தலைமையில் ஒரு குழு, எல்லாப் பாதைகளையும் மாற்றும் கனவை ஒதுக்கிவைத்து, அவசரமான மூன்று தடங்களை மட்டும் முதலில் எடுக்கச் சொன்னது. அவற்றில் ஒன்று மெல்பேர்ன்–ஆல்பரி. எதிர்க்கட்சியான லேபர் கட்சியின் குழுவும் தனியே ஆராய்ந்து இதே கருத்தைச் சொன்னது. 1958இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. செலவில் 70 சதவீதம் மத்திய அரசுடையது. மீதி 30 சதவீதத்தை இரு மாநிலங்களும் 50 ஆண்டுகளில் திருப்பிக் கட்டலாம். யாரும் யாரிடமும் தோற்கவில்லை. விக்டோரியா தன் பழைய பாதையைப் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. அதன் பக்கத்திலேயே 1,435 மி.மீ.யில் புதுப் பாதை ஒன்று போடப்பட்டது.

1962 ஜனவரியில் முதல் சரக்கு ரயில் அதில் ஓடியது. ஏப்ரல் 13ஆம் தேதி 'சதர்ன் அரோரா' பிறந்தது. துருப்பிடிக்காத எஃகில் பளபளத்த பெட்டிகள், எல்லாமே படுக்கை வசதி கொண்டவை. தனியாகப் போகிறவருக்கு மடக்குப் படுக்கை வைத்த சிறிய அறை. இரண்டு பேர் அறையில் கழிப்பறையோடு ஷவரும் உண்டு. சாப்பாட்டுக்குத் தனிப் பெட்டி. இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் காலை ஒன்பதுக்கு அடுத்த தலைநகரம். ஆல்பரியில் யாரும் யாரையும் எழுப்பவில்லை. 'ஸ்பிரிட் ஆஃப் புரோகிரஸ்' ரயிலும் அதே மாதம் புதுப் பாதைக்கு மாறி சிட்னி வரை போகத் தொடங்கியது.

இந்தக் கதையில் மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்குக்கும் சொந்தமான ஒரு பக்கம் உண்டு. ஃபாஸ்டர் தெருவில் மசாலாவும் புடவையும் வாங்க வரும் நம்மவர்களில் பலருக்கு இது ரயில் பிறக்கும் ஊர் என்று தெரியாது. காமன்வெல்த் என்ஜினியரிங் என்ற 'காமெங்' கம்பெனியின் விக்டோரியத் தொழிற்சாலை இங்கேதான். 1980களில் மெல்பேர்ன் புறநகர்களுக்கு ஓடிய வெள்ளி நிற ரயில்கள் இங்கே செய்யப்பட்டவை. பிறகு ஆலை ஏ.பி.பி.யின் கைக்குப் போனது. 1993 நவம்பரில் எக்ஸ்.பி.டி. என்ற டீசல் ரயில் மெல்பேர்ன்–சிட்னி இரவுப் பயணத்தை ஏற்றபோது, அதற்கான படுக்கைப் பெட்டிகளைச் செய்து கொடுத்ததும் டண்டினொங்தான். இன்று ஆலை ஆல்ஸ்டம் கம்பெனியிடம் இருக்கிறது. 2021 டிசம்பர் கடைசியிலிருந்து மெல்பேர்ன்–ஆல்பரி இடையே ஓடும் வீலோசிட்டி வண்டிகளும் இங்கே பிறந்தவையே.

ஆனால் டண்டினொங் ஸ்டேஷன் வழியே போகும் தண்டவாளம் இன்றும் பழைய 1,600 மி.மீ.தான். இங்கு கட்டப்படும் ஆல்பரி வண்டி தன் சொந்தச் சக்கரத்தில் ஊர்ப் பாதையில் ஓட முடியாது. 1853இல் விழுந்த பிளவு இன்னும் முழுதாக மூடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது எக்ஸ்.பி.டி. இரு திசைகளிலும் நாளுக்கு இரண்டு முறை ஓடுகிறது. ஏறத்தாழ 950 கிலோமீட்டருக்குச் சுமார் 11 மணி நேரம். அதற்கு மேல் வேகம் எடுக்க விடாதது, நியூ சவுத் வேல்ஸ் மலைச்சரிவுகளில் போடப்பட்ட பழைய வளைவுகள். விமானத்தில் பறந்தால் ஒன்றரை மணி நேரம். அதனால்தான் மெல்பேர்ன்–சிட்னி உலகின் மிக நெரிசலான விமானத் தடங்களில் ஒன்றாக இருக்கிறது. எக்ஸ்.பி.டி.க்குப் பதிலாக ஸ்பெயினின் 'காஃப்' கம்பெனியிடம் புது ரயில்கள் ஆர்டர் ஆகியிருக்கின்றன. வண்டி புதிதானாலும் வளைவு பழையதுதான்.

அந்த வளைவுகளை நிமிர்த்தும் தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை. 1883க்கும் 1962க்கும் இடையிலும் தொழில்நுட்பம் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. இரு மாநிலங்களும் மத்திய அரசும், ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும், செலவை எப்படிப் பங்கிடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, நான்கே ஆண்டுகளில் ரயில் ஓடியது. சிட்னிக்கு விரைவு ரயில் வேண்டும் என்று கேட்கும் நாம், தேர்தல் நேரத்தில் வேட்பாளரிடம் வண்டியின் வேகத்தைக் கேட்பதைவிட அந்தத் தாளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.